விளக்கு வாங்குமுன் பெட்டியைப் படியுங்கள்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் சிறிது. அதில் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கூரையிலும் தொங்குகிறது. விளக்கு! "என்ன வாத்தியாரே, பரிசு கொடுக்கிற நாளில் பல்பு கதையா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் நுழைவார். கார்பைட் கட்டியின்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அதிலிருந்து கிளம்பும் வாயு எரிந்து வெளிச்சம் தரும். அதன் வாடை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா காலத்தில் லயத்துக்கு இன்ஜின் லைட் வந்தது. "மணி பத்தானா போதும், டொக்குன்னு நின்னுடும். அப்புறம் மெழுகுவத்திதான். அந்த வெளிச்சத்துலதான்டா நான் பரீட்சைக்குப் படிச்சேன்" என்பார் அம்மா.

இதில் ஒரு வேதனை உண்டு. நம் பேராக் மாநிலத்திற்கு மின்சாரம் தாமதமாக வரவில்லை. பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய செண்டெரோ அணை 1930ஆம் ஆண்டிலேயே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் அந்த அணையிலிருந்தும் மாலிம் நாவார் மின் நிலையத்திலிருந்தும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குக் கம்பி இழுத்தது. ஈப்போ நகரம் ஒளிர்ந்தது. ஆனால் அந்த அணையிலிருந்து சில மைல் தொலைவில் இருந்த லயங்களில், நம் பாட்டிமார்கள் மண்ணெண்ணெய் விளக்கைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், வெளிச்சத்தின் அருமை நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நிற்க. இன்று நம் வீடுகளில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேறு ஒரு குறை வந்து சேர்ந்திருக்கிறது. எந்த விளக்கை வாங்குவது என்று தெரியாமல் வாங்குகிறோம். என் சொந்தக் கதையையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பசார் மாலாமில் 10 வெள்ளிக்கு 3 எல்.ஈ.டி. பல்பு என்று கூவி விற்றார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் 15 வாட் என்று போட்டிருந்தது. வாங்கி வந்து ஒன்றை என் மகள் படிக்கும் மேசைக்கு மேலே மாட்டினேன். நான்கு நாள் கழித்துப் பிள்ளை, "அப்பா, எழுத்து ஆடுற மாதிரி இருக்குப்பா" என்றாள். நான் நம்பவில்லை. கண் டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு கைப்பேசியின் கேமராவை விளக்கை நோக்கிப் பிடித்தபோது படத்தில் கோடு கோடாக ஓடியது. பிள்ளையின் கண்ணில் குறையில்லை, விளக்குத்தான் துடித்துக்கொண்டிருந்தது! இரண்டு மாதத்திற்குள் மூன்றில் இரண்டு அணைந்தும் போயின. பெட்டியை எடுத்துப் பார்த்தேன். சிரிம் சீட்டு இல்லை. எவ்வளவு ஒளி தரும் என்ற கணக்கு இல்லை. செய்தவர் யார் என்ற பெயர்கூட இல்லை. பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியன் நான். பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்கிறவன். கையில் இருந்த பெட்டியை வாசிக்காமல் வாங்கிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இந்தப் பொருளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கணக்கு. பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனவர்களுக்கு மெட்ரோலாக் தெரியும். வாளி நிறையப் பால் இருப்பது மட்டும் போதாது, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதற்குத்தான் கூலி. தண்ணீரைக் கலந்தால் வாளி நிறையும். மெட்ரோலாக் காட்டிக் கொடுத்துவிடும். விளக்கும் அப்படித்தான். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது கொடுக்கும் ஒளிக்கு வேறு அளவு உண்டு, அதற்கு லூமன் என்று பெயர். லூமனை வாட்டால் வகுத்தால் வருவதுதான் விளக்கின் திறன்.

பழைய குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வாட் பல்பு ஏறக்குறைய 700 லூமன் தரும். வகுத்தால் ஒரு வாட்டுக்கு 12 லூமன்கூட வராது. தின்ற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது. கோழிக்குஞ்சுக்குக் கூண்டில் சூடு கொடுக்க நாம் அதைத்தான் தொங்கவிட்டோம், நினைவிருக்கிறதா? நல்ல எல்.ஈ.டி. விளக்கு 9 வாட்டில் 800 லூமன் தருகிறது. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 90 லூமன்.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். 60 வாட் பல்பு ஒன்று நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் ஆகிறது. 9 வாட் எல்.ஈ.டி. அதே நேரம் எரிந்தால் 1.35 யூனிட். நான்கு விளக்குள்ள வீட்டில் மாதம் 30.6 யூனிட் மிச்சம். 2025 ஜூன் வரை இருந்த கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.80 சென். அந்தக் கணக்கில் மாதம் 6 வெள்ளி 67 சென், ஆண்டுக்கு 80 வெள்ளி. 2025 ஜூலையில் கட்டண முறை மாறியது, குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடியும் சேர்ந்தது. ஆகவே உங்கள் பில்லை எடுத்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருக்கிற வீட்டில் பிள்ளையே போட்டுக் கொடுக்கும். 80 வெள்ளி பெரிய இடத்தில் காசில்லை. நம் வீட்டில் அது ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் காலணியும் புத்தகப் பையும்.

குண்டு பல்பு நம் வீட்டில் இப்போது இல்லையே என்பீர்கள். உண்மைதான், அநேகமாக இல்லை. அது தானாகப் போகவில்லை. உலகம் முழுவதும் விதி போட்டு அனுப்பினார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விதிகள் இரண்டு வகை. பள்ளிக்கூடத்தை வைத்தே விளக்கிவிடலாம். தேர்ச்சிப் புள்ளி என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே வாங்கினால் தேர்ச்சி இல்லை. பரிசு என்று ஒன்று உண்டு, அதை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கினவரை ஊர் திரும்பிப் பார்க்கும். விளக்குகளுக்கும் இப்படியே. குறைந்தபட்சத் திறன் இல்லாத விளக்கைக் கடையில் விற்கக்கூடாது என்பது கட்டாய விதி. நல்ல விளக்குக்கு முத்திரை கொடுத்து அடையாளம் காட்டுவது தன்விருப்பத் திட்டம்.

தன்விருப்பத் திட்டத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் முத்திரை. 1992இல் தொடங்கியது. எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. தரம் எட்டியவர்கள் முத்திரையைப் போட்டுக்கொண்டார்கள், வாங்குகிறவர்கள் அதைத் தேடிப் போனார்கள். பிறகு 2023இல் அங்கே வீட்டு விளக்கு ஒரு வாட்டுக்குக் குறைந்தது 45 லூமன் தரவேண்டும் என்ற கட்டாய விதி அமலுக்கு வந்தது. குண்டு பல்பு அந்தத் தேர்வில் தேற வழியே இல்லை. எல்.ஈ.டி.யே எங்கும் பரவிவிட்டதால், விளக்குகளுக்கு முத்திரை கொடுப்பதை எனர்ஜி ஸ்டார் 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. வகுப்பில் எல்லோரும் நூறு வாங்கிவிட்டால் யாருக்குப் பரிசு கொடுப்பது?

ஜப்பான்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1999இல் தொடங்கிய அவர்களின் திட்டத்தில் சந்தையில் உள்ள பொருள்களில் மிகச் சிறந்தது எதுவோ அதையே அளவுகோலாக வைத்தார்கள். வகுப்பில் முதல் மாணவன் வாங்கிய புள்ளியை, குறிப்பிட்ட ஆண்டுக்குள் மற்றவர்களும் எட்ட வேண்டும் என்பது போல. குழல் விளக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஆஸ்திரேலியா 2007இல் குண்டு பல்பை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 செப்டம்பரில் 100 வாட் பல்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு படியாக இறங்கி, 2012இல் 40 வாட், 25 வாட் வரை நிறுத்தியது. நம் சொந்தபந்தங்கள் இருக்கிற இந்தியாவில் 2014இல் புதுச்சேரியில் எல்.ஈ.டி. விளக்கை மலிவு விலையில் கொடுத்துச் சோதித்தார்கள். 2015 ஜனவரியில் அதையே நாடு தழுவிய உஜாலா திட்டமாக்கினார்கள். அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால் 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்நாட்டில் எல்.ஈ.டி. விளக்குக்கு நட்சத்திரச் சீட்டு முதலில் தன்விருப்பமாக இருந்தது. 2018இல் கட்டாயமானது.

நம் நாட்டுக்கு வருவோம். மலேசிய அரசு குண்டு பல்பைப் படிப்படியாக நிறுத்தும் பணியை 2011இல் தொடங்கி 2014இல் முடிக்கத் திட்டமிட்டது. 2013 மே மாதத்தில் மின்சார விதிமுறைகள் திருத்தப்பட்டுக் குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம், தொலைக்காட்சி, விசிறி, விளக்கு ஆகிய ஐந்துக்கும் குறைந்தபட்சத் திறன் கட்டாயமாக்கப்பட்டது. இதைக் கண்காணிப்பது சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையம். குளிர்பதனப் பெட்டியிலும் விசிறியிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு அந்த ஆணையத்துடையதுதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மாட்டாதீர்கள், முதலில் படியுங்கள்! 2025 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் ஆற்றல் திறன், ஆற்றல் சேமிப்புச் சட்டம் என்று தனிச் சட்டமே அமலுக்கு வந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "கம்பெனிக்காரர்களே நல்ல பொருளாகச் செய்துவிட மாட்டார்களா, எதற்குச் சட்டம்?" என்று. அதற்கு ஒரு பழைய கதை பதில் சொல்லும். 1924ஆம் ஆண்டு உலகத்தின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவும் அவர்களாகவே விரும்பிச் செய்ததுதான். என்ன ஒப்பந்தம் தெரியுமா? பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று! அதைவிட நீண்ட நாள் எரியும் பல்பைச் செய்தவருக்கு அபராதம். சீக்கிரம் அணைந்தால்தானே மறுபடியும் வாங்குவோம்? 1939இல் போர் மூண்டபோதுதான் அந்தக் கூட்டு கலைந்தது. ஆகவே தன்விருப்பம் என்றாலே நல்லது என்றும் இல்லை, கம்பெனி என்றாலே கெட்டது என்றும் இல்லை. யாருக்காக அளவு வைக்கிறார்கள், யார் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பணக்காரன் பத்து விளக்கு வாங்கிச் சோதித்துப் பார்த்துப் பிடிக்காததைத் தூக்கி எறிவான். நம்மால் முடியுமா? கடையில் ஐந்து நிமிடம் எரிய வைத்துக் காட்டினால், ஐந்து மாதம் எரியுமா என்று எப்படித் தெரியும்? நமக்குப் பதிலாகச் சோதனைக்கூடத்தில் வைத்து எரித்துப் பார்த்துத்தான் அந்தச் சீட்டை ஒட்டுகிறார்கள். எனவே இந்த விதி யாரைவிடவும் நமக்குத்தான் அதிகமாகத் தேவை. ஆனால் படிக்கத் தெரிந்தால்தான் பயன். என் பாட்டிக்குத் தராசின் முள்ளைப் படிக்கத் தெரியாது. கிராணி சொன்ன எடைதான் எடை. குறைத்துச் சொன்னாரா, சரியாகச் சொன்னாரா, பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது. சம்பள நாளில் கைநாட்டு வைத்துவிட்டு வருவார். நமக்கு அந்த நிலை இல்லை. நம் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள்.

பிள்ளைகளே, இனி இது உங்கள் வேலை. வீட்டில் விளக்கு வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பெட்டியில் ஐந்து காரியங்களைப் பாருங்கள்.

ஒன்று, சிரிம் சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்சாரப் பொருளில் மலிவு பார்த்துத் தீ விபத்தை வாங்கக்கூடாது.

இரண்டு, லூமன் எவ்வளவு? கூடத்துக்கு 800 லூமனாவது வேண்டும். படிக்கிற மேசைக்கு அருகில் வைக்கும் விளக்குக்கு 400, 500 போதும்.

மூன்று, வகுத்துப் பாருங்கள். ஒரு விளக்கு 12 வாட், 720 லூமன். இன்னொன்று 9 வாட், 810 லூமன். எது நல்லது? முதலாவதற்கு 60 வருகிறது, இரண்டாவதற்கு 90. "பன்னிரண்டுதான் பெரிசு" என்று அப்பா எடுத்தால், "இல்லப்பா, ஒன்பதுதான் கூட வெளிச்சம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

நான்கு, நிறம். 2700, 3000 என்ற எண் இருந்தால் மஞ்சள் ஒளி. 6500 என்றால் வெள்ளை ஒளி. இரண்டில் எதுவும் தவறில்லை, உங்களுக்கு எது ஒத்துவருமோ அது.

ஐந்து, எத்தனை மணி நேரம் எரியும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது கொடுக்க மாட்டேன் என்கிற இடத்தில் உத்தரவாதம் வெறும் வாய்ப்பேச்சு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மலாய்க்காரர்கள் லம்பு கலிமந்தாங் என்று சொல்லும் நீளக் குழல் விளக்கிலும், சுருள் விளக்கிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. பாதரசம் பற்றிய மினமாதா உடன்படிக்கை 2017இல் அமலுக்கு வந்தது. 2023இல் கூடிய அதன் உறுப்பு நாடுகள், குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. அதற்காக வீட்டில் நன்றாக எரிகிற விளக்கை இன்றே கழற்ற வேண்டாம். கெட்டுப்போகும்போது எல்.ஈ.டி.க்கு மாறுங்கள், மாற்றும் வேலையைத் தெரிந்த வயர்மேனிடம் கொடுங்கள். கழற்றிய குழலைப் பிள்ளைகள் வாள்சண்டை போடக் கொடுக்காதீர்கள். உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கையால் தொடாமல் அட்டையால் கூட்டி எடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். வெள்ளை எல்.ஈ.டி. பிறக்கக் காரணம் நீல ஒளி. அதை உண்டாக்கிக் காட்டிய அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்.ஈ.டி. ஆலைகள் இன்று எங்கோ இல்லை, பினாங்கிலும் கெடாவின் கூலிமிலும் இருக்கின்றன. இங்கிருந்து காரில் போய் அன்றே திரும்பிவிடலாம். பால்மரக் காட்டில் கார்பைட் விளக்கோடு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஆலைகளில் இயந்திரம் பழுது பார்ப்பவர்களாக மட்டுமல்ல, சோதனைக்கூடத்தில் தரம் பார்த்துச் சீட்டு ஒட்டுகிற பொறியியலாளர்களாகவும் போக வேண்டும். கணக்கையும் அறிவியலையும் ஒழுங்காகப் படித்தால் போகலாம்.

இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கும் ஒரு போட்டி வைக்கிறேன். இந்த வாரம் வீட்டில் எத்தனை விளக்கு, ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எழுதி, மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டுத் திங்கட்கிழமை என் மேசைக்குக் கொண்டு வாருங்கள். சரியாகப் போட்டுக் கொண்டுவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிரிம் சீட்டு ஒட்டிய நல்ல விளக்கு ஒன்று என் சொந்தச் செலவில் தருகிறேன். பெட்டியை நான் படித்துப் பார்த்துவிட்டேன். நீங்களும் படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.